எட்டாவது ஸ்லாப்

காயிலுங்களா? அந்த மூலையில சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்குது பாருங்க, அதுதானுங்க. சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. தொட்டுப் பாக்கலாம், தப்பில்ல. ஆனா எடுத்துட்டுப் போகோணும்னா ஹெச்.ஓ.டி. சார் கையெழுத்துப் போடோணும். அவரு மீட்டிங்ல இருக்காரு. பதினோரு மணிக்கு முடியும்னு சொல்லியிருப்பாங்க. முடியாது. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

காரைக்குடியிலிருந்தா வர்றீங்க? அப்ப விடியறதுக்கு முன்னாலயே பஸ் ஏறியிருப்பீங்க. டீ சொல்லட்டுங்களா? நான் ஒரு ஆளுன்னா கேன்டீன்ல மேல கொண்டாந்து குடுக்க மாட்டான். ரெண்டு டீன்னா வருவான். அதனால நீங்க குடிச்சா எனக்கும் ஒண்ணு ஆச்சு.

என் பேரு செங்கோடன். இந்த காங்கிரீட் லேப்ல இருபத்தாறு வருசமா டெக்னீசியன். இந்தக் காலேஜு ஆரம்பிச்சப்ப இங்க ஒரு மெஷினும் இல்ல. நானும் ஒரு சல்லடையும்தான் இருந்தோம்.

ஜெசிந்தா மேடத்துக்கிட்டப் பேசிட்டுத்தான் வர்றீங்களா? ஃபோன்லயா. நல்லா இருக்காங்களா? நாகர்கோவில் பக்கம் ஏதோ காலேஜ்ல இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். காயில் இங்கதான் இருக்குதுன்னு அவங்கதான் சொன்னாங்களா. சரி, சரி. வேற ஏதாவது சொன்னாங்களா? இல்ல, இங்க லேப்ல இருக்கற ஆளைப் பத்தி ஏதாவது. சும்மா கேட்டேன். அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க, நீங்க வெளியாளு. அந்தம்மா மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எட்டு மாசம் இந்த லேப்ல ஒண்ணா வேலை செஞ்சோம். கடைசியில கமிட்டி முன்னால நின்னப்ப என் பேரை ஒரு தடவை கூடச் சொல்லல. ஒரு தடவை கூட. நான் அங்கதான் சுவத்தோரமா நின்னுட்டிருக்கேன். அத என்னால இன்னிக்கு வரைக்கும் ஜீரணிக்க முடியல.

மொதல்ல இருந்து சொல்றனுங்க. அப்பத்தான் உங்களுக்கு ஞாயம் புரியும்.

அவங்க தூத்துக்குடிக்காரங்க. இங்க லெக்சரரா இருந்துக்கிட்டே பி.எச்டி. பண்ணிட்டிருந்தாங்க. முப்பத்திரண்டு, முப்பத்திமூணு வயசிருக்கும். ஹாஸ்டல்ல ஒரு ரூம்ல தனியாத்தான் இருந்தாங்க. ஒரு ஜூன் மாசம், ஒரு டப்பா நெறைய இரும்பு நாரைக் கொண்டாந்து இந்த மேசை மேல கொட்டுனாங்க. நாருன்னா உங்களுக்குத் தெரியும், நீங்க அதுலதான படிக்கறீங்க. ஒரு இஞ்சு நீளத்துக்கு ஊசி மாதிரி இருக்கும். காங்கிரீட்ல கலந்தா கீறல் விடறப்ப இழுத்துப் பிடிச்சுக்கும். அத நாங்க முன்னாலயும் கலந்திருக்கோம். கலந்து விட்டா அதுபாட்டுக்கு ஒண்ணு கிழக்கப் பாக்கும், ஒண்ணு மேற்கப் பாக்கும், ஒண்ணு குத்துக்கல் மாதிரி நிக்கும். பாதி நாரு வேலையே செய்யாது. கீறல் வர்ற வழிக்குக் குறுக்கால இருக்கறது மட்டுந்தான் பிடிக்கும், மத்தது சும்மா கெடக்கும்.

"அண்ணே, எல்லாத்தையும் ஒரே பக்கமாப் படுக்க வைக்கணும். அதான் வேலை"ன்னாங்க.

எப்படிங்க மேடம், ஒவ்வொண்ணா கையில எடுத்து வெக்கறதான்னு கேட்டேன். சிரிச்சாங்க. மேசை மேல கெடந்த நாருக்குப் பக்கத்துல ஒரு காந்தத்தைக் கொண்டு போனாங்க. அத்தனையும் ஒரே திக்குல திரும்புச்சு. அவ்வளவுதான், எனக்குப் புரிஞ்சுபோச்சு.

அப்பறம் கரண்டு விட்டாக் காந்தமாகற மாதிரி செம்புக் கம்பியில காயில் சுத்துனோம். அந்தச் சின்னது இருக்குதே, அதுல ஆயிரத்து எரநூறு சுத்து. கடையில குடுத்தாச் சுத்திக் குடுப்பான். சுத்து வரிசையா வராதுன்னு நானே சுத்தறேன்னுட்டேன். நான் சுத்துவேன், அவங்க எண்ணுவாங்க. நாலு நாள். நடுவுல யாராச்சும் உள்ள வந்து பேச்சுக் குடுத்தா, கையைக் காட்டி நிறுத்திட்டு எண்ணிட்டே இருப்பாங்க. எனக்கு வேலை ஓடறதே தெரியல. ஒருத்தரு எதுத்தாப்புல உக்காந்து நம்ம கையையே பாத்துட்டு, நாம செய்யறத ஒண்ணு விடாம எண்ணிட்டிருந்தா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க. எனக்கு அந்த மாதிரி யாரும் எண்ணுனதில்ல.

அச்சு இரும்புல இருந்தா காந்தம் அச்சையே பிடிச்சுக்கும். அதனால பிளைவுட்ல அச்சு செஞ்சேன். கலவையை ஊத்தி, அச்சை காயிலுக்குள்ள தள்ளி, அதிர்ற மேசையில வெச்சு கரண்டு விடோணும். கலவை கெட்டியா இருந்தா நாரு திரும்பாது. தண்ணியா இருந்தா நாரெல்லாம் அடியில போயி உக்காந்துக்கும். ஒரு பதம் இருக்குது. அவங்க அளவு போட்டு எழுதிப் பாத்தாங்க, வரல. நான் கையை விட்டுப் பாத்து இன்னும் ஒரு டம்ளர் தண்ணி விடலாம்னு சொன்னேன். அன்னைக்குத்தான் வந்துச்சு. இறுகினதுக்கு அப்பறம் ரம்பத்துல குறுக்கால அறுத்துப் பாத்தோம். அறுத்த முகத்துல நாரோட நுனியெல்லாம் புள்ளி புள்ளியா மின்னுது. கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி. அவங்க அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. மேடம் கைய கிழிச்சிக்குவீங்கன்னேன். கேக்கல.

மத்தியானச் சாப்பாடு இந்த மேசையிலதான். அவங்க ஹாஸ்டல் மெஸ்ல வாங்கிட்டு வருவாங்க. ஊருக்குப் போயிட்டு வந்தாங்கன்னா மீன் கொழம்பு ஒரு தூக்குல எனக்குன்னு தனியா வரும். நான் கொண்டு வர்றது சோறும் தயிரும்தான். ரூமுல தனியா இருக்கறவனுக்கு அது போதும்.

கல்யாணம் ஆகலையான்னு நெனைக்காதீங்க. எங்கூட்டுக்காரி ஓசூர்ல பொண்ணு வீட்ல இருக்குது. பேரன் பொறந்தப்பப் போச்சு. இப்பப் பேரனுக்கு அஞ்சு வயசு. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. வான்னு சொன்னா வந்துரும். சொல்லாமயே வரோணும், அதுக்கே தோணி வரோணும்னு நான் இருக்கேன். அது பாட்டுக்கு அங்க இருக்குது. ஜெசிந்தா மேடம் ஒரு தடவை கேட்டாங்க, "அக்காவ வரச் சொல்லலாம்லாண்ணே?"ன்னு. நமக்கு என்னத்துக்கு அதெல்லாம்னு விட்டுட்டேன்.

டீ வந்துருச்சு. எடுத்துக்கங்க. சக்கரை அதிகமாத்தான் இருக்கும்.

எங்க விட்டேன்? அறுத்துப் பாத்தது வரைக்கும். சின்னச் சின்ன உத்தரமாப் போட்டு உடைச்சுப் பாத்தோம். உடைக்கறதுக்கு முன்னால பக்கவாட்டுல சுண்ணாம்பு அடிக்கறது என் வேலை. வெள்ளையா இருந்தாத்தான் தலைமுடி மாதிரி வர்ற மொதக் கீறல் கண்ணுக்குத் தெரியும். நான் மெஷின் கிட்ட நிப்பேன், அவங்க டார்ச்சும் லென்சும் வெச்சுக் குனிஞ்சு பாத்துட்டே இருப்பாங்க. சும்மா கலந்தது மெஷின் முள்ளு பதினொண்ணு காட்டறப்பக் கீறல் விட்டுச்சுன்னா, வரிசையாப் படுக்க வெச்சது பதினேழு வரைக்கும் தாங்குச்சு. கீறுனதுக்கு அப்பறமும் ரெண்டா முறியல. நாரு பிடிச்சுட்டே இருந்துச்சு. அன்னைக்கு அவங்க என்னைப் பாத்து, "அண்ணே, நம்ம ஜெயிச்சுட்டோம்"னாங்க. நம்மன்னாங்க. என் காதுல கேட்டேன்.

ஆனா அதுல ஒண்ணு இருக்குதுங்க. ஒரு பக்கம் வலு கூடுச்சுன்னா மறுபக்கம் குறைஞ்சுரும். சும்மா கலந்து விட்ட காங்கிரீட்டு நாலா பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் தாங்கும். வரிசையாப் படுத்தது ஒரு பக்கந்தான் தாங்கும். மாத்தித் திருப்பி வெச்சு எடையை ஏத்துனா, நாருக்கும் நாருக்கும் நடுவுல பொளந்துக்கும். அதையும் நாங்க சோதிச்சுப் பாத்தோம். திருப்பி வெச்சது ஆறு கூடத் தாங்கல.

ஹெச்.ஓ.டி. சார்தான் அவங்களுக்கு கைடு. கட்டுரையில எழுதுனா யாருக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒண்ணு பண்ணுங்கன்னாரு. லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல மழைத்தண்ணி வாய்க்கால் ஒண்ணு போகுது. வரும்போது பாத்திருப்பீங்க. அதுக்கு மேல மூடற ஸ்லாப் எல்லாம் ஒடைஞ்சு கெடந்துச்சு. அதை நம்ம ஸ்லாப்ல மாத்திருவோம்னு முடிவாச்சு. கம்பியே இல்லாம, வெறும் நாரு மட்டும். எட்டு ஸ்லாப். மூணடிக்கு மூணடி சதுரம். அதுக்குத்தான் அந்தப் பெரிய காயில், கட்டில் அகலத்துக்கு இருக்குதே. நாரு வாய்க்காலுக்குக் குறுக்கால படுத்திருக்கோணும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு. அப்பத்தான் தாங்கும்.

சதுரமா இருக்கறதுனால எந்தப் பக்கம் எதுன்னு பாத்தாத் தெரியாது. அதனால ஒவ்வொண்ணுலயும் நாரு போற திசைக்குச் சிவப்புப் பெயின்ட்ல கோடு போட்டுருங்கண்ணேன்னு மேடம் சொன்னாங்க. போட்டேன். மேல போட்டா அசிங்கமா இருக்கும், வர்றவங்க போறவங்க என்ன கோடுன்னு கேப்பாங்கன்னு, அடிப்பக்கம் போட்டேன். தூக்கி வெக்கறப்ப நாந்தான கூட நிக்கப் போறேன், எனக்குத் தெரிஞ்சாப் போதும்னு நெனச்சேன்.

பிப்ரவரி மாசம் ஒரு திங்கக்கெழமை ஸ்லாப் போடறதா ஏற்பாடு. அன்னைக்கு மேடத்துக்குப் பரீட்சை ஹால் டியூட்டி. சனிக்கெழமையே எங்கிட்டச் சொன்னாங்க. "அண்ணே, நீங்க நின்னு போட வெச்சிருங்க. நீங்க நின்னா நான் நின்ன மாதிரி."

சரிங்க மேடம்னேன்.

இப்பத்தான் ஒண்ணு சொல்லோணும். திங்கக்கெழமை காலையில நான் வந்து பம்ப் ரூமுக்குப் போயிட்டேன், மோட்டாருல ஏதோ கோளாறு. திரும்பி வந்தா இந்த மேசை மேல ஒரு பேப்பர்ல மடிச்சு ரெண்டு லட்டு இருக்குது. என்னன்னு கேட்டா, கேன்டீன்காரன் சொல்றான், ஜெசிந்தா மேடத்துக்கு நாகர்கோவில்ல வேலை கெடச்சிருச்சாம், தீசிஸ் குடுத்துட்டுப் போறாங்களாம், எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாங்கன்னு. கேன்டீன்காரனுக்குத் தெரியுது. ஆபீஸ் பியூனுக்குத் தெரியுது. வாட்ச்மேனுக்குத் தெரியுது. எனக்கு, பேப்பர்ல மடிச்சு மேசை மேல. ரெண்டு தடவை வந்து தேடிட்டுப் போனாங்கன்னு பியூன் சொன்னான். தேடுனவங்க பம்ப் ரூமுக்கு வந்து பாக்க முடியாதா? நூறு அடி தூரம். எட்டு மாசம், சார். ஆயிரத்து எரநூறு சுத்து.

நான் ஸ்டோர் ரூமுக்குள்ள போயி உக்காந்துட்டேன்.

மெயின்டனன்ஸ் ஆளுங்க நாலு பேரு வந்து ஸ்லாப்பை வண்டியில ஏத்திட்டுப் போனாங்க. என்னையக் கூப்பிடல. கூப்பிட்டிருந்தாப் போயிருப்பேன். அவங்களுக்கு மூடின்னா மூடி, எப்படி வெச்சா என்ன. போட்டுட்டுப் போயிட்டாங்க. எட்டுல மூணு திரும்பிக்கிச்சு.

அப்பறம் என்ன, ஒண்ணும் ஆகல. ஒரு மாசத்துக்கு மேல பொண்ணுங்க நடந்தாங்க, ஸ்கூட்டி ஓட்டுனாங்க. ஹெச்.ஓ.டி. சார் கெஸ்ட்டுகளைக் கூட்டிட்டு வந்து காட்டுனாரு. மேடம் தீசிஸ் எழுதற மும்முரத்துல இருந்தாங்க. லேப்புக்கு வந்தா, "என்னண்ணே, பேசவே மாட்டேங்குதீங்க?"ன்னு கேப்பாங்க. வேலை இருக்குதுங்கன்னு சொல்லுவேன். தூக்குல கொழம்பு வந்துச்சு ஒரு நாள். வயிறு சரியில்லன்னு திருப்பிக் குடுத்துட்டேன்.

மார்ச் கடைசியில, ஒரு வியாழக்கெழமை காலையில, மெஸ்ஸுக்குக் காய்கறி கொண்டு வர்ற குட்டியானை வண்டி வழக்கமா நிக்கற எடத்துல நிக்காம, வாய்க்கால் மேல ஏறி பின்னால வந்துச்சு. பின் டயர் ஏறவும் மூணாவது ஸ்லாப் நடுவுல பொளந்து உள்ள எறங்கிருச்சு. மெஸ்ல வேலை செய்யற பொன்னாத்தா, மூட்டை எறக்கறதுக்காக வண்டியைப் பிடிச்சுட்டுக் கூடவே நடந்து வந்துட்டிருந்துச்சு. அதோட வலது கால் உள்ள மாட்டிக்கிச்சு. கணுக்கால் எலும்பு ரெண்டு எடத்துல முறிஞ்சுபோச்சு. அது போட்ட சத்தம் இந்த லேப் வரைக்கும் கேட்டுச்சு. நான் ஓடினேன். நானும் டிரைவருமாத்தான் ஸ்லாப்பைக் கடப்பாரையில நெம்பிக் காலை எடுத்து விட்டோம். நெம்பறப்ப உடைஞ்ச முகத்தைப் பாத்தேன். ஒரு நாரு கூட நுனியைக் காட்டல. எல்லாம் நீட்டமாப் படுத்துக் கெடக்குது, பொளந்த வழியிலயே.

பொன்னாத்தாளுக்குத் தகடு வெச்சிருக்குது. இப்ப ஒக்காந்து காய் நறுக்கற வேலைதான் குடுத்திருக்காங்க. ஞாயித்துக்கெழமை நான் போயிப் பாத்துட்டு வருவேன், ஆரஞ்சோ கொய்யாவோ வாங்கிட்டு. "கூடப் பொறந்தவங்க கூட இப்படி வர்றதில்லண்ணா"ங்குது. நான் தலையாட்டிட்டு வந்துருவேன்.

அதுக்குத்தான் கமிட்டி போட்டாங்க. மூணு பேரு, ஒருத்தரு வெளிக் காலேஜு. என்னையக் கூப்பிட்டாங்க. சிமெண்ட்டு என்ன கிரேடு, தண்ணி எவ்வளவு, எத்தனை நாள் தண்ணியில ஊற வெச்சீங்கன்னு கேட்டாங்க. எல்லாத்துக்கும் சரியாப் பதில் சொன்னேன். அவங்க கேட்டதுல ஒண்ணு கூட நான் பொய் சொல்லலைங்க. நாரைப் பத்தி அவங்க கேக்கவே இல்ல. கம்பி இல்லாமப் போட்டதே தப்புன்னு முடிவு பண்ணிட்டுத்தான் உக்காந்திருந்தாங்க.

மேடம் சொன்னாங்க, ஸ்லாப் திரும்பிக் கெடந்திருக்குது சார், திசை மாறிப்போச்சு, அதான் உடைஞ்சுதுன்னு. உடைஞ்சதுக்குப் பக்கத்துல இருந்த நாலாவதையும் நெம்பித் தூக்கிப் பாத்திருக்காங்க. அதுவும் திரும்பித்தான் கெடந்துச்சு. அப்ப வெளிக் காலேஜ்காரரு கேட்டாரு, போடறப்ப யாரு நின்னான்னு.

நான் நிமிந்து நின்னேன். இப்ப என் பேரு வரும்னு. வந்தா வரட்டும்னுதான் நின்னேன். மனசார.

"என் பொறுப்புதான் சார். நான் நின்னிருக்கணும், நிக்கல"ன்னாங்க.

அவ்வளவுதான். செங்கோடன் அண்ணனை நிக்கச் சொல்லியிருந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நீங்க நின்னா நான் நின்ன மாதிரின்னு எங்கிட்டச் சொன்னவங்கதான. அங்க பெரியவங்க முன்னால நான் ஒரு ஆளாவே தெரியல. அதத்தான் சொல்றேன் வருத்தம்னு. அவங்களுக்கு மெமோ குடுத்தாங்க. தீசிஸை ஒரு வருசம் தள்ளி வெச்சாங்க. நாகர்கோவில்ல அந்த வேலை போயிருச்சு. இப்ப இருக்கறது வேற காலேஜு, சின்னக் காலேஜுன்னாங்க. ஆனாலும் என் பேரை அவங்க சொல்லவே இல்ல.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க?

போறதுக்கு முன்னால பீரோ சாவியைக் குடுக்க இங்க வந்தாங்க. மே மாசம், லீவு, ஒருத்தருமில்ல. சாவியை மேசையில வெச்சாங்க. காயிலைக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்பறம் கேட்டாங்க.

"அண்ணே, ஸ்டோர் ஜன்னல்ல இருந்து பாத்தா ஹாஸ்டல் வாசல் நல்லாத் தெரியும்லா?"

"தெரியுங்க மேடம்"னேன்.

"ம்"னாங்க. நின்னாங்க. ஃபேன் சுத்திட்டிருந்துச்சு. ரொம்ப நேரம் நின்ன மாதிரி இருந்துச்சு எனக்கு. அப்பறம், வாரேண்ணே, உடம்பப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஜன்னலைப் பத்தி எதுக்குக் கேட்டாங்கன்னு அப்ப எனக்கு வெளங்கல.

நீங்க என்ன கேட்டீங்க?

எட்டுல மூணு திரும்பிக்கிச்சுன்னு சொன்னனுங்களா. ஆமா. உடைஞ்சது ஒண்ணு, மேடம் தூக்குனது ஒண்ணு, அப்பத் திரும்புனதுல மிச்சம் ஒண்ணு எங்கன்னு கேக்கறீங்க.

நீங்க நல்லாத்தான் காது குடுத்துக் கேட்டிருக்கீங்க. கமிட்டிக்காரங்க யாரும் அதைக் கேக்கல.

இல்ல, உக்காருங்க. சொல்றேன். சொல்லிர்றேன். டீ ஆறிப்போச்சு உங்களுக்கு.

அன்னைக்கு ஸ்டோருக்குள்ள உக்காந்திருந்தேன்னு சொன்னனே, ஜன்னலோரமாத்தான் உக்காந்திருந்தேன். அவங்க நாலு பேரும் ஒவ்வொரு ஸ்லாப்பையும் நிமித்தி நிறுத்தி, அப்பறந்தான் சாய்ச்சுப் படுக்க வெச்சாங்க. நிமித்தி நிறுத்தறப்ப அடியில இருந்த சிவப்புக் கோடு பளிச்சுனு தெரியும். மொத ரெண்டும் சரியாப் போச்சு. மூணாவது திரும்பிக்கிச்சு. எந்திரிச்சேன். நாலாவதும் திரும்பிக்கிச்சு. ஜன்னல்ல இருந்து ஒரு சத்தம் குடுத்தாப் போதும், யப்பா திருப்பிப் போடுங்கடான்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. அப்ப ஹால் டியூட்டி முடிஞ்சு அவங்களே வரட்டும், வந்து பாக்கட்டும், அப்பத் தெரியட்டும் நான் இல்லைன்னா என்ன ஆகும்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன். அஞ்சு, ஆறு, ஏழு சரியாப் போச்சு. எட்டாவது திரும்பிக்கிச்சு.

சாயங்காலம் அவங்க வந்தாங்க. மேல இருந்து பாத்தாக் கோடு தெரியாதே. எங்கிட்ட வந்து, எல்லாம் சரியாப் போட்டாச்சாண்ணேன்னு கேட்டாங்க.

போட்டாச்சுங்கன்னேன்.

மறுநாளே கோவமெல்லாம் எறங்கிப்போச்சுங்க. சொல்லிரலாம்னு பாத்தேன். நேத்து ஏன் சொல்லலன்னு கேட்டா என்ன சொல்றது? லட்டைப் பேப்பர்ல மடிச்சு வெச்சுட்டீங்கன்னா சொல்ல முடியும்? ஐம்பத்தி மூணு வயசு ஆளு. அடுத்த நாள் இன்னும் கஷ்டமாயிருச்சு. ஒரு வாரம் போச்சு. நடக்கறவங்கதான, ஒண்ணும் ஆகாதுன்னு நானே சொல்லிக்கிட்டேன். பொன்னாத்தா கால் போனதுக்கு அப்பறம் சொல்றதுக்கு வழியே இல்லாமப் போச்சு.

கமிட்டி முடிஞ்சு மேடம் ஹெச்.ஓ.டி. சாருக்கு ஒரு லெட்டர் குடுத்தாங்க, மிச்சம் இருக்கற எல்லாத்தையும் தூக்கிப் பாக்கோணும்னு. அப்ப ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் வர்ற நேரம். இனி வாசலைத் தோண்ட வேண்டாம், வண்டி வராத மாதிரி கல்லு நட்டுருவோம், நடக்கறவங்களுக்கு என்ன ஆகப் போகுதுன்னு சார் சொல்லிட்டாரு. உடைஞ்ச எடத்துலயும் அதுக்குப் பக்கத்துலயும் கம்பி போட்ட சாதா ஸ்லாப் போட்டாங்க. மத்தது அப்படியே கெடக்குது. எல்லாத்தையும் தூக்க வேண்டாம், எட்டாவதை மட்டும் தூக்குங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

அரளிச் செடிக்குப் பக்கத்துல, கடைசியா இருக்கறது. அங்கதான் நிழல். சாயங்காலம் காலேஜ் பஸ்ஸுக்கு நிக்கற பொண்ணுங்க அந்த ஸ்லாப் மேலதான் பையெல்லாம் வெச்சுக்கிட்டு கும்பலா நிப்பாங்க, பத்துப் பன்னெண்டு பேரு. நான் நாலு மணிக்கு அங்க போயிருவேன். ஒரு பழைய நாற்காலி கெடக்குது, அதை ஸ்லாப் மேல போட்டு உக்காந்துக்குவேன். நான் உக்காந்திருந்தா அவங்க தள்ளி நிப்பாங்க. இந்த ஆளுக்கு வேற எடம் கெடைக்கலையான்னு பேசிக்குவாங்க, காதுல விழும். வார்டன் ஒரு தடவை கூப்பிட்டு, லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல தெனமும் உங்களுக்கு என்ன வேலைன்னு கேட்டாங்க. காத்து வாங்கறேன்னேன். அந்தம்மா என்னையப் பாத்த பார்வை இருக்குதே. ஒரு வருசத்துக்கு மேலாச்சு. போன மாசம் காய்ச்சல் வந்து மூணு நாள் ரூமுல கெடந்தேன். மூணு நாளும் நாலு மணி ஆனா, பஸ்ஸு போற நேரம் வரைக்கும் கடிகாரத்தையே பாத்துட்டுக் கெடப்பேன்.

போன வாரம் பாத்தேன். நடுவுல ஒரு கீறல். தலைமுடி கனம். வெள்ளை அடிக்காமலே எனக்குத் தெரியுது. வர்றப்போ அந்தப் பக்கமாத்தான் வந்தீங்களா? மிதிச்சிருப்பீங்க.

ஜன்னலைப் பத்தி மேடம் எதுக்குக் கேட்டாங்கன்னு வெளங்கலன்னு சொன்னேன் பாருங்க. அது பொய்யிங்க. கேட்ட அன்னைக்கே வெளங்கிருச்சு. நான் சொல்லுவேன்னுதான் அவங்க அவ்வளவு நேரம் நின்னாங்க. நான் தலையைக் குனிஞ்சுட்டு சாவியையே பாத்துட்டிருந்தேன். கமிட்டியில என் பேரை எதுக்கு விட்டாங்கன்னும் தெரியும். தெரியாத மாதிரி இத்தனை நாள் வருத்தம், வருத்தம்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருக்கேன். உங்ககிட்டயும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

கதவு சத்தம் கேக்குது. மீட்டிங் முடிஞ்சிருச்சு போல. அதா, சார் ரூமுக்குள்ள போறாரு. கையெழுத்துக்கு நீங்க இப்பப் போனாச் சரியா இருக்கும். லெட்டரை எடுத்துக்கங்க.

சார், உள்ள போறப்ப நீங்களே சொல்லிர்றீங்களா? ஹாஸ்டல் வாசல்ல ஒரு ஸ்லாப் கீறல் விட்டிருக்குது, எட்டாவது, பாத்தேன்னு. நீங்க படிச்சவரு, வெளியாளு, உங்களை ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்க. உடனே தூக்கிருவாங்க.

சரி. வேண்டாம். நீங்க சொல்லலைன்னாலும், நாந்தான் சொல்லோணும்னு உங்க மூஞ்சியில தெரியுது.

இருங்க, நானும் வர்றேன். சட்டையில சிமெண்ட்டா இருக்குது, பரவால்ல. நீங்க காயிலுக்குக் கையெழுத்து வாங்குங்க, அது உங்க வேலை. அதுக்கப்பறம் நான் சொல்றேன், ஸ்டோர் ஜன்னல்ல பாத்ததுல இருந்து எல்லாம். சொல்லி முடிக்கற வரைக்கும் மட்டும் போயிராதீங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பக்கத்துல ஒரு ஆள் நின்னாப் போதும்.